கோகிலவாணியின் மூன்று மலைகள்

தேவாலாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணி கழிப்பார்கள். இலையோடு சேர்ந்து மழையும் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அல்லவா, அதற்காக மூட்டைக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று தள்ளிவிட்டு மீதியைத்தான் எழுதுவார்கள். முப்பத்தெட்டு வருஷமாகக் கூடை சுமக்கும் கோகிலவாணிக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் நம்முடையது என்று நினைக்கிறவள் அவள். அதனால்தான் ஐம்பத்தைந்து வயதில் பாஷை படிக்க உட்கார்ந்தபோதும் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் நோட்டை எடுப்பாள். அந்த வாரம் எழுதிய சொற்களை ஒரு காலண்டர் அட்டையால் மறைத்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். மனசுக்குள் தெரிந்தால் போதாது, சத்தம் வெளியே வர வேண்டும். வந்தால் சரி. வராத சொல் பக்கத்தின் அடியில் ‘தண்ணி’ என்று கோடு போட்ட கட்டத்துக்குப் போய்விடும்.

நோட்டில் மூன்று பாகம் இருந்தது. தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வார்கள். அந்த மாதிரியே ஒண்ணாம் நம்பர் மலை இங்கிலீஷ், ரெண்டாம் நம்பர் மலை சிங்களம், மூணாம் நம்பர் மலை இத்தாலி பாஷை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு புதுச் சொல் எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலிக் கணக்கு. ஆறு எடுத்தால் அரைப்பேர். அதற்கும் கீழே போனால் அன்றைக்குப் பேரே விழாது. தோட்டத்தில் வேலைக்கு எப்படியோ அப்படித்தான். காய்ச்சல் வந்த நாள்கூட அவள் தனக்குச் சும்மா பேர் போட்டுக்கொண்டதில்லை.

“என்னா புள்ள, இந்த வாரம் எத்தனை கிலோ?” என்று கேட்பார் வடிவேல். அவள் புருஷன். ஃபேக்டரியில் கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும் இடத்தில் வேலை.

“எழுவத்திரெண்டு. தண்ணி பத்து.”

“பத்தா? இந்த மழைக்கு அது கம்மிதான்.”

“வெளையாடாதீங்க.”

“பத்துல அதுவும் ஒண்ணா? அந்த லியும?”

“ஆமா.”

“ரெண்டர வருசமா வாராவாரம் தண்ணியில போய் விழுது. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிருச்சி. ஒனக்கு மட்டும் அப்பிடி என்னா வரமாட்டேங்குது?”

கோகிலவாணி நோட்டை மூடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் அவள் சொல்லாத ஒன்றே ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருந்தது. வடிவேலுக்கு அந்தச் சொல்லின் ஓசைதான் தெரியும், அர்த்தம் தெரியாது. சிங்களத்தில் கடிதத்துக்கு அதுதான் பெயர்.

அவரிடம் அவள் சொல்லாததை நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

கோகிலவாணி பிறந்தது இலங்கையில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அவளுக்குப் பத்து வயசாகும்போது அப்பா அழகையா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி இந்தியா வந்தார். அக்கா வீரம்மா மட்டும் வரவில்லை. பேக்கரியில் பாண் சுடுகிற ஒரு சிங்களப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். அழகையாவுக்கு அது ஆறாத கோபம். வீட்டில் அந்தப் பேரையே எடுக்கக்கூடாது.

மறு வருஷம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் கோகிலவாணி ஒருத்திதான். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவள் வாசிக்க, அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பாதி வாசிப்பதற்குள் அழகையா வந்துவிட்டார். அன்றைக்கு அம்மாவுக்கு விழுந்த அடியைச் சொல்லாமல் விடுகிறேன். இரண்டாவது கடிதத்துக்கும் அதேதான் நடந்தது.

மூன்றாவது கடிதத்தைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தபால்காரர் அவள் கையிலேயே கொடுத்தார். அவள் ஒரு பாறைக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள், இரண்டு தடவை. பிறகு கொண்டுவந்து கூரைத் தகரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் சொருகிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் அடி விழவில்லை. நாலாவதும் அங்கேதான் போயிற்று, ஐந்தாவதும் அங்கேதான் போயிற்று. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு கடிதமே வரவில்லை.

“லெட்டர் வந்துச்சா புள்ள?” அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா.”

அப்பா போன பிறகு கோகிலவாணி ஏணி போட்டு அந்தக் கடிதங்களைத் தேடினாள். பத்து வருஷத்து மழை அவற்றைக் கூழாக்கி வைத்திருந்தது. ஆனால் அவளுக்குக் காகிதம் தேவையாக இருக்கவில்லை. மூன்று கடிதமும் வரி பிசகாமல் நெஞ்சில் இருந்தன.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தினகரன் லீவில் வந்தபோது பழைய குடும்பப் போட்டோ ஒன்றை ஃபேஸ்புக்கில் போட்டான். அது எங்கெங்கோ சுற்றி ஒரு நாள் போனாகத் திரும்பி வந்தது. திரையில் நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி. பெயர் நிலந்தி. வீரம்மாவின் மகள். இத்தாலியில் வெரோனா என்ற ஊரில் வயசானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள் என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. தினகரன் போனையே மொழிபெயர்க்க வைத்தான். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி ஒரு குரல் கேட்டது: “என் அம்மாவுக்கு நீங்கள் ஏன் ஒருவரும் கடிதம் எழுதவில்லை?”

கோகிலவாணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அட்ரஸு தொலஞ்சு போச்சும்மா” என்றாள்.

போன் அதைச் சிங்களமாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. திரையில் நிலந்தி மெல்லத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அந்தத் தலையாட்டல்தான் கோகிலவாணியைத் தூங்கவிடாமல் செய்தது.

பொய்யைப் போன் கொண்டுபோய்விட்டது. நிஜத்தையும் அதன் கையில் கொடுத்து அனுப்பக்கூடாது, அது தன் வாயால்தான் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். மறுநாளே தேவாலா பஜாரில் பெரிய நோட்டாக ஒன்று வாங்கினாள். தமிழ் வழியாகச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் போனில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் நிலந்தியின் மகள் சனுதி இத்தாலியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு இத்தாலி பாஷைதான் சரளம். அவளும் அக்காவின் ரத்தம்தானே? இத்தாலி பாஷைக்கு நல்ல பாடமெல்லாம் இங்கிலீஷில்தான் கிடைத்தது. அதனால் முதலில் இங்கிலீஷ். மூன்று மலை ஆனது இப்படித்தான்.

கொழுந்து எடுக்கும்போது பாடம் கேட்பாள். அவளுடைய வலது காதின் மேல்மடல் பிறவியிலேயே முன்பக்கம் மடிந்திருக்கும், கொக்கி வைத்த இயர்போனை மாட்டினால் நழுவி விழும். மழைக்குப் போடும் கொங்காணித் துணியால் அதை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பக்கத்து நிரையில் எடுக்கும் வனிதாவுக்கு அது ஒரு வேடிக்கை.

“அக்கா, இன்னிக்கு எந்த ஊருல இருக்கீங்க?”

“இத்தாலி.”

“அங்கயும் மழையா?”

“பேசாம எடு வனிதா. ஒன்னால ரெண்டு சொல்லு போச்சு.”

“இத்தாலியில மேஸ்திரிய எப்பிடி வையிறது, அத மட்டும் சொல்லிக் குடுத்திருங்க. நான் ஒங்கள ஒண்ணுமே கேக்க மாட்டேன்.”

போன மாதம் நிலந்தியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. கோகிலவாணி அதைப் பதினோரு தடவை கேட்டாள். பதினோராவது தடவைதான் முழுசாகப் பிடிபட்டது. ஆகஸ்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவு, இலங்கைக்கு வருகிறோம், அங்கிருந்து உங்களைப் பார்க்க மூன்று நாள் வருகிறோம். அன்றைக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தாள். ரெண்டாம் நம்பர் மலையில் தண்ணி போக இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. இது போதும் என்று நினைத்தாள். சொல்ல வேண்டியது நாலு வாக்கியம்தானே. அதை எழுதி, அடுப்படியில் சொல்லிப் பழகினாள். மூன்று வாக்கியம் வந்தது. ‘லியும’ என்ற சொல் இருந்த வாக்கியம் மட்டும் பாதியிலேயே தொண்டையில் நின்றது.

வடிவேல் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “ஏ கோகிலம், மூட்ட மூட்டையா கொழுந்து வச்சிருக்க. ஒரு நாளாச்சும் ஃபேக்டரிக்கு அனுப்புனியா?”

“அப்பிடின்னா?”

“அந்தப் புள்ளகிட்ட போன்ல பேசிப் பாக்கலாம்ல? நீ ‘சாப்பிட்டியா, நல்லா இருக்கியா’வோட வச்சிர்ற. கொழுந்த கட்டியே வச்சிருந்தா சூடேறிக் கருகிப் போயிரும் புள்ள. தேத்தண்ணிக்கு ஆகாது.”

“ஒங்களுக்கு என்னா தெரியும் பாஷையப் பத்தி?”

“கிராசியே தெரியும்” என்றார் அவர். நன்றி. அது ஒன்றுதான் அவருடைய மூணாம் நம்பர் மலை.

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போனில் நாலு வார்த்தை கூடப் பேசினால், அந்தக் கேள்வி மறுபடி வந்துவிடுமோ என்று பயம். அதனால் சேர்த்துக்கொண்டே போனாள்.

அவர்கள் சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். கூடலூர் ரோட்டிலிருந்து பிரிந்து வந்த கார் லயத்துக்குக் கீழே நின்றது. எட்டு வயசு சனுதி மஞ்சள் மழைக்கோட்டில் முதலில் குதித்தாள். பின்னாலேயே நிலந்தி. கோகிலவாணி முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அக்காவின் அதே அகலமான நெற்றி. நிலந்தி ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “புஞ்சி அம்மா!” என்றாள். சின்னம்மா என்று அர்த்தம். அது புரிந்தது. அதற்குப் பிறகு மடமடவென்று என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. போனில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்த சிங்களம் எங்கே, இது எங்கே! தகரத்தில் விழுகிற மழை மாதிரி ஒரே இரைச்சல். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“வாம்மா, நனையாத, உள்ள வா” என்றாள் தமிழில்.

நிலந்தி சிரித்துக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தாள். ரயில்வே ஸ்டேஷன் குரல் சொன்னது: “உங்களைப் பார்த்ததில் மிகவும் மகிழ்ச்சி.”

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் போட்டு வைத்தாள். நிலந்தி முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நாலு ரொட்டி சாப்பிட்டாள். போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விருந்தாளி மாதிரி இருந்தது. வடிவேல் மட்டும் கூச்சமே இல்லாமல் தண்ணீர்ச் சொம்பை சனுதியிடம் நீட்டி, “கிராசியே” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நன்றியை வாங்குகிறவர் சொல்ல வேண்டும், கொடுக்கிறவர் ஏன் சொல்கிறார் என்பது அவள் கேள்வி. அதையும் போன்தான் சொன்னது. “யார் சொன்னா என்னா, மரியாதைதான?” என்றார் வடிவேல். அன்றைக்கு அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே அவர் பிள்ளையோடு சாயங்காலம்வரை விளையாடினார். நோட்டு நிறையச் சேர்த்து வைத்தவள் ஊமை மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. நிலந்தி அசந்து தூங்கினாள். தேயிலை பார்க்க வேண்டும் என்று சனுதி கையால் காட்டினாள். கோகிலவாணி அவளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு மேலே இருக்கும் முதல் நிரைக்குப் போனாள். செடியில் ஒரு கிளையைப் பிடித்து, எதை எடுக்க வேண்டும் என்று காட்டும்போது, அவள் நினைக்காமலேயே வாய் சொல்லிவிட்டது, இரண்டு இலை, ஒரு மொட்டு, இத்தாலி பாஷையில்.

சனுதி வாயைப் பிளந்தாள். “உங்களுக்கு எங்க பாஷை தெரியுமா?”

“கொஞ்சம். மெதுவாப் பேசு.”

அந்தப் பிள்ளை மெதுவாகத்தான் பேசியது. அது என்ன, இது என்ன, அட்டை கடிக்குமா, இந்த இலையைத் தின்னலாமா? கேள்விக்குக் கேள்வி சொல் வந்தது. சில சொல் கோணலாக வந்தது, ஆனாலும் வந்தது. சனுதி அவளை ‘ட்சீயா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்த ஊரில் சித்தி, அத்தை எல்லாருக்கும் அதுதான்.

“ட்சீயா, நீங்க பேசறது எங்க டீச்சர் பேசுற மாதிரி இருக்கு.”

“அப்பிடியா!”

“இப்பதான் தூங்கி எழுந்த டீச்சர்.”

கோகிலவாணி சிரித்தாள். அவர்கள் வந்த பிறகு அப்போதுதான் சிரித்தாள். இதெல்லாம் எப்படிப் படித்தீர்கள் என்று பிள்ளை கேட்டதற்கு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவைத்தாள். அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் மழை பழையபடி பிடித்துக்கொண்டது. சோறு முடிந்தது. கோகிலவாணி கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த நோட்டு நிலந்தியின் மடியில் இருந்தது. சனுதி பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். நிலந்திக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தேதிகள் தெரிந்தன, எண்கள் தெரிந்தன. ஒரு நாள்கூட விடாமல் இரண்டரை வருஷம். அவள் போனை எடுத்துப் பக்கத்துக்கு மேலே பிடித்தாள், அது வாசித்துச் சொல்லும் என்று.

கோகிலவாணி போய் அந்தப் போனின் மேல் கையை வைத்தாள்.

“வேண்டாம்,” என்றாள் சிங்களத்தில். “நான் சொல்கிறேன்.”

நிலந்தி நிமிர்ந்து பார்த்தாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“இது என் வேலை. ஒரு நாள், பன்னிரண்டு சொல். அப்போது முழுப்பேர். ஆறு சொல், அரைப்பேர். தோட்டத்தில் இப்படி. இது உன் பாஷை. இது பிள்ளையின் பாஷை. இது நடுவில் இருக்கிற பாலம், இங்கிலீஷ்.” சிறு பிள்ளை கல் மேல் கால் வைத்து ஆறு தாண்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துப் போனாள். முழுப்பேர், அரைப்பேர் மட்டும் தமிழிலேயே வந்தன.

“எங்களுக்காகவா?” என்று கேட்டாள் நிலந்தி. இப்போது அவளும் மெதுவாகப் பேசினாள். வெரோனாவில் காது மந்தமான முதியவர்களிடம் பேசிப் பழகிய பேச்சாக இருக்கும்.

“ஆமாம்.”

நிலந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். அவள் விரல் ஒரு பக்கத்தின் அடியில் நின்றது. அடுத்த பக்கத்தின் அடிக்குப் போயிற்று. அதற்கடுத்த பக்கத்துக்கும். “புஞ்சி அம்மா, இந்தக் கட்டத்தில் மற்றதெல்லாம் மாறுகிறது. இந்த ஒன்று மட்டும் எப்போதும் இருக்கிறதே. ஒரே உருவம். இது என்ன?”

கோகிலவாணி அந்தக் கட்டத்தையே பார்த்தாள்.

வடிவேலுக்குப் பேச்சு புரியவில்லை, விரல் எங்கே நிற்கிறது என்பது புரிந்தது. தனக்குத் தெரிந்த ஒன்று கடைசியில் வந்துவிட்ட சந்தோஷத்தில் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, “அதுவா? லியும!” என்றார். “அது ஒண்ணு மட்டும் ஒங்க புஞ்சி அம்மாவுக்கு வராது!”

“லியும?” நிலந்தி திரும்பிப் பார்த்தாள். கடிதமா?

பழகி வைத்த நாலு வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. கோகிலவாணி நிலந்திக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“கடிதம் வந்தது,” என்றாள். “அக்கா எழுதினாள். ஐந்து. முதல் இரண்டு நான் வாசித்தேன். அப்பா அம்மாவை அடித்தார். பிறகு மூன்று வந்தது. நான் எடுத்தேன். கூரையில் வைத்தேன். அம்மா கேட்டாள், வந்ததா? நான் சொன்னேன், இல்லை. எனக்கு வயது பன்னிரண்டு. அட்ரஸ் இருந்தது. உன்னிடம் பொய் சொன்னேன்.”

மழை பெய்துகொண்டிருந்தது. நிலந்தி நோட்டை மூடினாள். அதன் அட்டையைக் கையால் தடவிக்கொண்டே, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

“மாசம் பிறந்தால் அம்மா பஸ் ஏறிப் பண்டாரவளைத் தபாலாபீசுக்குப் போவாள். எழுதுவதை நிறுத்திய பிறகும் போனாள். எனக்குப் பத்து வயசு வரைக்கும் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, எனக்கு ஒரு டொஃபி வாங்கித் தருவாள். நாங்கள் டொஃபி வாங்கத்தான் போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.”

கோகிலவாணிக்கு அத்தனை சொல்லும் புரிந்தது. தண்ணியில் தள்ள ஒன்றுகூட இல்லை. புரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு தடவை நினைத்தாள்.

நிலந்தி எழுந்து வெளியே போய்க் கூரை விளிம்பில் நின்றாள்.

“என்னா சொன்ன அந்தப் புள்ளகிட்ட?” வடிவேல் பதறினார். “தப்பா ஏதாச்சும் சொல்லிட்டியா?”

“இல்லங்க. சரியாத்தான் சொன்னேன்.”

சனுதி அம்மாவையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா ஏன் அழறாங்க?” என்று கேட்டாள் அவள் பாஷையில்.

“என்னால.”

“அப்ப நீங்க ஸாரி சொல்லிட்டீங்களா?”

கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை! இரண்டரை வருஷம் அதற்காகத்தான் படித்தாள். நாலாவது வாக்கியம் அதுதான். எல்லாவற்றையும் சொன்னவள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

எழுந்து, கொங்காணித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நிலந்திக்குப் பக்கத்தில் நின்றாள். சாரல் இருவர் மேலும் அடித்தது. “மன்னித்துக்கொள் மகளே” என்றாள் சிங்களத்தில். கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே தண்ணியில் விழாமல் நின்ற சொல் அது.

நிலந்தி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் எதிர்மலையில் மஞ்சு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது?”

“மூன்றும் எனக்குப் பாடம்.”

“கடைசிக் கடிதம்?”

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் அதைத் தமிழிலேயே சொன்னாள், அக்கா எழுதியது எழுதினபடி. “அம்மாவுக்கு, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. பேரு நிலந்தி. அவுக வீட்டுல எல்லாரும் சிங்களத்துல தாலாட்டுறாக. எனக்குத் தமிழ்தான் வருது. புள்ளையோட வலது காது நம்ம கோகிலத்துக் காது மாதிரியே மடிஞ்சிருக்கு. கோகிலம் இத வாசிக்கும்போது அவ காதத் தொட்டுப் பாருங்க. ஒங்க பேத்தியத் தொட்ட மாதிரி.”

நிலந்தி ஒரு சொல்லும் புரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சமைக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று முணுமுணுத்தாள்.

பிறகு கோகிலவாணி அதைச் சிங்களத்தில் சொன்னாள். தாலாட்டுக்குச் சொல் தெரியவில்லை, கையால் ஆட்டிக் காட்டினாள். மடிந்த என்பதற்குச் சொல் தெரியவில்லை, முந்தானை நுனியை மடித்துக் காட்டினாள். காதுக்குச் சொல் தெரியும். கடைசி வரிக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருந்தது. நிலந்தி அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தாள். அதையும் சொல்லி முடித்தாள்.

நிலந்தி நனைந்த கூந்தலை வலது பக்கம் ஒதுக்கினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்ததிலிருந்து அவள் கூந்தலால் மூடியே வைத்திருந்த காது. மேல்மடல் முன்பக்கம் மடிந்திருந்தது. அவள் கையை நீட்டி, கோகிலவாணியின் கொங்காணித் துணியைத் தள்ளி, அந்தக் காதைத் தொட்டாள். விரல் சில்லென்றிருந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். உள்ளேயிருந்து சனுதி, “மழையில நனையாதீங்க, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா?” என்று இத்தாலியில் கத்துகிற வரைக்கும்.

உள்ளே வந்ததும் நிலந்தி நோட்டைத் திறந்து, அந்த வாரத்துப் பக்கத்தில் இன்னும் காலியாக இருந்த தண்ணிக் கட்டத்தைத் தேடினாள். பேனாவை வாங்கி, அதற்குள் வட்டம் வட்டமாக ஏதோ எழுதினாள்.

“இது என்ன?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“லியும. எங்கள் எழுத்தில் இப்படித்தான் எழுதுவோம். உங்களுக்கு எழுத்துத் தெரியாதா?”

“தெரியாது. காதால் மட்டும் படித்தேன்.”

நிலந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுத முகத்தோடேயே கண்டிப்பாகத் தலையாட்டினாள். நோட்டைத் தட்டிக் காட்டி, மத்தியானம் புதிதாகக் கேட்ட அந்தத் தமிழை உடைத்து உடைத்துச் சொன்னாள்: “அப்போ… அரை… ப்பேர்.”

கோகிலவாணி புதுப் பக்கம் திருப்பி, மேலே ‘நாலாம் நம்பர் மலை’ என்று எழுதினாள். அதன் கீழே அந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் எழுத்தே கரப்பான்பூச்சி மாதிரி வந்தது. நிலந்தி அவள் கையின் மேல் தன் கையை வைத்துத் திருத்தினாள்.

வடிவேல் ரொம்ப நேரமாகப் பொறுத்துப் பார்த்தார். “ஏ புள்ள, ஞாயித்துக்கெழமையாச்சே. இன்னிக்குத் தண்ணி கழிக்கலியா?”

கோகிலவாணி பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்ட மனுஷன்.

“உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்” என்றாள். “ஒங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். தமிழ்லதான் சொல்லணும்.”